நாலு மணிப் பெரட்டு

ஈப்போவில் வீட்டுக்குள் பூனை வளர்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பூனை என்ன சாப்பிடும், எங்கே படுக்கும், யார் மடியை விரும்பும் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “ஆனா விடிகாலையில தூங்க விடாது லா” என்பார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே சில பூனைகள் பாசாருக்குப் போகின்றன. பாசாருக்குப் போவது என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். சாக்கிலோ அட்டைப் பெட்டியிலோ வைத்துக் கட்டி, மீன் கடைகள் இருக்கும் பக்கமாகப் பார்த்து விட்டுவிட்டு வருவது. மீன் கழிவு கிடைக்கும், எப்படியாவது பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு சமாதானம். அங்கே ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும் கடுவன்களுக்கு நடுவில் வீட்டில் வளர்ந்த குட்டி எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் விலங்குவதைக்கு 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்க இடம் தருகிறது. சாக்கோடு மோட்டாரில் போகிறவர் அதை நினைத்துக்கொண்டு போவதில்லை.

அதனால், பூனைக்குட்டி இரவில் நம்மை எழுப்பாமல் இருக்க என்ன செய்வது என்பது கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருந்தாலும் சில குட்டிகளுக்கு அது உயிர் விஷயம். எங்கள் வீட்டில் அது பூனையோடு என் பாட்டியையும் சேர்த்துத் தொட்டது.

எங்கள் பூனையின் பெயர் மங்கு. புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கப் போன இடத்தில், கடைக்குப் பின்னால் கால்வாய் ஓரமாகக் கிடைத்தது. பால்மரத்தில் கட்டித் தொங்கவிடும் மங்குக்குள் அடங்கிவிடும் அளவில் இருந்ததால் பாட்டி அந்தப் பெயரை வைத்தார். அதன் வால் பாதியோடு நின்று, நுனியில் முடிச்சுப் போட்டதுபோல் மடங்கியிருக்கும். பார்க்கிறவர்கள் யாரோ கதவிடுக்கில் நசுக்கிவிட்டதாக நினைத்துப் பரிதாபப்படுவார்கள். அது இந்த வட்டாரத்துப் பூனைகளின் பிறவி வால். மலாய்த் தீவுகள், சயாம், பர்மா பக்கத்துப் பூனைகளின் வால் குட்டையாகவும் பல நேரம் முடிச்சோடும் இருப்பதை டார்வின் 1868-இல் வெளியிட்ட நூலிலேயே குறிப்பிட்டிருக்கிறார்.

ஏழு மாதம் ஆனபோது மங்கு தினமும் காலை நாலு மணிக்கு என்னை எழுப்ப ஆரம்பித்தது. முதலில் நெஞ்சின் மேல் நடக்கும். பிறகு போர்வைக்கு வெளியே தெரியும் கால்விரலைக் கடிக்கும். அதற்கும் அசையாவிட்டால் மேசையிலிருக்கும் கைப்பேசியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளி, என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் கீழே போடும். நான் வேலை செய்வது ஒரு கையுறைத் தொழிற்சாலையில். ஏழு மணிக்கு அங்கே இருக்கவேண்டும், நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் காரோட்டவேண்டும். நாலு மணிக்கு எழுந்தால் மறுபடி கண்ணயர ஐந்தாகிவிடும். கனவு வரும் தூக்கத்தில் பெரும்பகுதி இரவின் பின்பாதியில்தான் விழுகிறது. அதைத்தான் மங்கு எடுத்துக்கொண்டது. லாரிகளுக்கு நடுவே கண் சொருகும்போது, பூனைக் கதை வேடிக்கைக் கதையாக இருப்பதில்லை.

பூனையை நாம் இரவு விலங்கு என்று நினைக்கிறோம். கவனித்தால், நடுராத்திரியில் அதுவும் நன்றாகத்தான் தூங்குகிறது. அது சுறுசுறுப்பாக இருப்பது பொழுது சாயும்போதும் பொழுது விடியும்போதும். வீட்டுப் பூனையின் மூதாதை மத்தியக் கிழக்கிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் காட்டுப்பூனை. அதன் இரையான எலிகள் வெளிச்சம் மங்கலாக இருக்கும் நேரத்தில் நடமாடும், பூனையும் அந்த நேரத்துக்கு ஏற்ப அமைந்தது. ஒரு எலி ஒரு வேளைக்குக்கூடக் காணாது. அதனால் பூனையின் வயிறு ஒரு நாளைக்குப் பல சிறு வேளைகளுக்குப் பழகியது. மனிதனோடு அது சேர்ந்து வாழ ஆரம்பித்து ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டாகிறது. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் மனித எலும்புக்கூட்டின் பக்கத்திலேயே பூனையின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது. இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்த அந்திப் பசி போகவில்லை.

போகாததோடு, நம்மிடம் அதைச் சொல்லவும் கற்றுக்கொண்டிருக்கிறது. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று அவ்வளவாகப் பேசிக்கொள்வதில்லை, அது பெரும்பாலும் மனிதர்களுக்கென்றே வைத்திருக்கும் குரல். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் மெக்கோம்பும் சக ஆய்வாளர்களும் 2009-இல் இன்னொன்றையும் காட்டினார்கள். சாப்பாடு கேட்கும்போது பூனை எழுப்பும் குர்ர் சத்தத்துக்குள் ஒரு மெல்லிய, உயர்ந்த அழுகை ஒளிந்திருக்கிறது. அதன் அலைவரிசை கைக்குழந்தையின் அழுகைக்கு நெருக்கமானது. பூனை வளர்க்காதவர்களுக்குக்கூட அந்தக் குர்ர் சாதாரணக் குர்ரைவிட அவசரமாகக் கேட்கிறது. காதுக்குப் பக்கத்தில் மங்கு செய்தது அதுதான். குழந்தை அழுதால் எழாமல் இருக்க முடியாத உடம்பு நமக்கு. பூனை அந்தக் கதவைத்தான் தட்டுகிறது.

இதெல்லாம் படித்த பிறகும் எனக்கு ஒரு கணக்கு இடித்தது. ஈப்போவில் சூரியன் உதிப்பது ஏழு மணியை ஒட்டி, சில மாதங்களில் ஏழேகால், ஏழரைக்குப் பக்கம். நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ அரை மணி நேரம்தான். கோடையில் ஐந்து மணிக்கே விடிந்துவிடுகிறது, திரைச்சீலையைக் கனமாகப் போடுங்கள் என்று குளிர்நாட்டுக்காரர்கள் தரும் ஆலோசனை இங்கே பொருந்தாது. நாலு மணிக்கு இங்கே கும்மிருட்டு. பள்ளிவாசலில் சுபுஹ் பாங்கு சொல்லவே இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. விடியலின் பசி என்றால் அது ஆறு, ஆறரைக்கு வரவேண்டும். மங்குக்கு நாலு மணியை யார் சொல்லிக்கொடுத்தது?

பாட்டிதான். பாட்டிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது பால்மரம்.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இன்று இல்லை. பாதி செம்பனையாகிவிட்டது, பாதி தாமான் ஆகிவிட்டது. லயம் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை இருக்கிறது. ஆனால் அந்தத் தோட்டத்தின் நேரம் மட்டும் பாட்டியின் உடம்பில் இருக்கிறது. நாலு மணிக்கு எழுந்தால்தான் சமைத்து, பிள்ளைகளை எழுப்பி, சின்னதை ஆயா கொட்டகையில் விட்டு, பெரட்டுக்குப் போய் நிற்க முடியும். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலையில்லை, சம்பளமும் இல்லை. பெரட்டு முடிந்து நெற்றி விளக்கோடு நிரைக்குப் போய், முதல் மரத்தில் கத்தி வைக்கும்போது லேசாக வெளுக்க ஆரம்பித்திருக்கும்.

அவ்வளவு அதிகாலையில் ஏன் வெட்டவேண்டும் என்பதற்குக் காரணம் மரத்துக்குள் இருக்கிறது. பால் ஓடும் குழாய்களில் உள்ளிருந்து தள்ளும் நீரழுத்தம் விடியலுக்கு முன்தான் உச்சத்தில் இருக்கும். இரவெல்லாம் வேர் நீர் உறிஞ்சியிருக்கும், இலை நீரை விட்டிருக்காது. வெயில் ஏறியதும் இலைகள் நீரை விட ஆரம்பிக்கும், அழுத்தம் இறங்கும், பால் சீக்கிரம் நின்றுபோகும். அந்தப் பால்குழாய்களும் நேராக இல்லாமல் சற்றுச் சாய்ந்து ஏறுவதால்தான் வெட்டை இடது மேலிருந்து வலது கீழாக இறக்குகிறார்கள். அப்போதுதான் கூடுதலான குழாய்கள் அறுபடும். பாட்டிக்கு இந்த அழுத்தக் கணக்கெல்லாம் தெரியாது. “வெயிலு வந்தா மரம் கைய மூடிக்கும்” என்பார். எனக்கு அதுவே போதுமான விளக்கமாகத் தெரிகிறது.

1877-இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் சில பேராக்கில்தான், கோலகங்சாரில், நடப்பட்டன. 1890-களில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் ஒரே வெட்டை மறுபடி மறுபடி மெல்லச் சீவித் திறக்கும் முறையை வகுத்தார். அதற்குப் பிறகு இந்த மாநிலத்தில் எத்தனையோ ஆயிரம் தமிழ்க் குடும்பங்கள் எப்போது தூங்குவது, எப்போது எழுவது என்பதை ஒரு பிரேசில் நாட்டு மரத்தின் நீரழுத்தம் தீர்மானித்தது.

இதில் கடிகாரத்துக்கு வேலையே இல்லை என்பதற்குப் பாட்டி ஒரு அத்தாட்சி வைத்திருக்கிறார். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னால் தள்ளப்பட்டது. அதற்கு முன்பு பாட்டி எழுந்தது மூன்றரைக்கு. அன்றிலிருந்து நாலு மணிக்கு. “மணிதான் மாறுச்சு. நானு மாறல, மரமும் மாறல” என்று இன்றும் சொல்வார். ஜப்பான்காரன் காலத்தில் இங்கே தோக்கியோ நேரம் நடந்ததால், மணி எட்டு ஆனபிறகும் விடியாமல் இருந்ததாக அவருடைய அம்மா சொல்வாராம். அப்போதும் ஆட்கள் எழுந்தது அதே இருட்டில்தான்.

ஆக, மரம், பெரட்டு, பாட்டி, பூனை, நான் என்று ஒரு சங்கிலி. பாட்டி நாலு மணிக்கு எழுந்து அடுப்படிக்குப் போவார். மங்கு பின்னால் ஓடும். டப்பாவிலிருந்து இரண்டு நெத்திலியை எடுத்துப் போடுவார். சில நாள் போடுவார், அம்மா முந்தின நாள் திட்டியிருந்தால் போடமாட்டார். போடாத நாளில் மங்கு என்னிடம் வரும். போட்ட நாளிலும் தின்று தெம்பாகி விளையாட வரும்.

இந்தச் ‘சில நாள்’ என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. எப்போதும் கிடைக்கும் பரிசு நின்றுபோனால் விலங்கு சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது கிடைக்கும் பரிசு நின்றுபோனால் விடவே விடாது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து இதை விரிவாகக் காட்டினார். நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை, நாலு நம்பர் எடுக்கிறவர்களைப் பார்த்தால் போதும். வாரம் மூன்று நாள் குலுக்கல். எப்போதோ ஒரு முறை ஆறுதல் பரிசு அடித்திருக்கும். அதை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் எடுப்பார்கள். மங்கு என் அறை வாசலில் எடுத்துக்கொண்டிருந்தது நாலு நம்பர்தான்.

இந்தச் சமயத்தில்தான் அந்த மழை நாள் வந்தது. இருட்டில் பாட்டி அடுப்படிக்குப் போகும்போது மங்கு காலைச் சுற்றிக்கொண்டது. பாட்டி தடுமாறி, பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்து நின்றார். விழவில்லை. ஆனால் அவருக்கு 78 வயது. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானால் அதிலிருந்து மீளாதவர்கள் நிறைய. அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அம்மா தீர்ப்பாகச் சொன்னார்: “தீபாவளிக்குள்ள இது அடங்கணும். இல்லன்னா பாசார்ல விட்டுட்டு வந்துருவேன்.” தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது.

ஆறு வாரத்தில் என்ன செய்யலாம் என்று பார்த்தேன். வழக்கமாகச் சொல்லப்படும் யோசனைகளில் பாதி எங்கள் வீட்டுக்கு ஆகாது. கதவை மூடிக்கொள் என்பார்கள். ஒரு மாடி வரிசை வீட்டில், ஏர்கான் இல்லாத அறையில், கதவைத் திறந்துவைத்துக் காற்றாடியைப் போட்டால்தான் தூக்கமே வரும். மூடிய கதவைப் பூனை பிராண்டும் சத்தமும் கால்விரல் கடிக்குச் சளைத்ததில்லை. தண்ணீர் பீய்ச்சு என்பார்கள். பீய்ச்சினால் பூனை என்னைக் கண்டு பயப்படக் கற்றுக்கொள்ளும், நாலு மணியை மறக்கக் கற்றுக்கொள்ளாது. இன்னொரு குட்டியை வாங்கித் துணைக்கு விடு என்பார்கள். அம்மாவிடம் அதைச் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

முதலில் மங்கை மருத்துவரிடம் கொண்டுபோனேன். குடற்புழு இருந்தாலும் குட்டி ஓயாமல் பசிக்கும், அதனால் புழு மருந்து கொடுத்தார்கள். கருத்தடையும் செய்துவிட்டோம். கருத்தடை செய்யாத பூனை பருவத்துக்கு வந்துவிட்டால் இரவில் வேறு காரணத்துக்காகக் கத்தும், அப்போது எந்தப் பயிற்சியும் எடுபடாது.

அடுத்தது மாலை நேரம். பூனையின் இயல்பில் ஒரு வரிசை உண்டு: துரத்தும், பிடிக்கும், தின்னும், நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், தூங்கும். பகல் முழுக்கத் தூங்கிவிட்டு ஆள் வீட்டுக்கு வரும் நேரத்தில் ஒரு தட்டுச் சாப்பாட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும் குட்டி, மீதி வரிசையை நடுராத்திரிக்கு ஒத்திவைக்கிறது. அதனால் இரவு பத்து மணிக்கு, ஒரு குச்சியில் நூலைக் கட்டி, நுனியில் துணிக்கந்தலை முடிந்து, கால் மணி நேரம் மங்கை ஓடவிட்டேன். ஒரே மூச்சாக ஓடவிடாமல், ஒளிவது, பதுங்குவது, பாய்வது என்று நிறுத்தி நிறுத்தி. கடைசியில் கந்தலை அதன் வாயில் மாட்ட விட்டுவிடவேண்டும். பிடிக்காமல் முடிந்த வேட்டை பூனைக்கு முடிந்ததாகாது. பிறகு அன்றைய பெரிய வேளைச் சாப்பாடு. பத்தரைக்கு நக்க ஆரம்பிக்கும், பத்தே முக்காலுக்குச் சுருண்டுவிடும்.

இதெல்லாம் சுலபமான பகுதி. கடினமான பகுதி பாட்டியிடம் பேசுவது. நாலு மணிக்கு யாருமே மங்குக்குச் சாப்பாடு போடக்கூடாது, ஒரு நெத்திலிகூட. ஒரு நாள் தவறினால் திரும்ப நாலு நம்பர் கணக்குதான். இதை நான் சொன்னபோது பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “நாலு மணிக்கு இந்த வீட்டுல முழிச்சிருக்கிறது நானும் அதுவும்தான் பாப்பா. அது வந்து நின்னா ரெண்டு மீனு போடுறேன், ரெண்டு வார்த்தை பேசுறேன். அதுவும் கூடாதுன்னா நான் என்ன பண்றது? செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கவா?”

எனக்குப் பதில் வரவில்லை. தோட்டத்தில் நாலு மணி என்பது தனிமை இல்லை. லயத்தில் எல்லா வீட்டிலும் விளக்கெரியும், எல்லா அடுப்பும் புகையும், பக்கத்து வீட்டு இருமல் கேட்கும். பெரட்டுக் களத்தில் நூறு பேர் நிற்பார்கள். தாமானில் நாலு மணிக்கு விழிக்கும் ஒரே ஆள் பாட்டி. வீட்டில் நாங்கள் எல்லாரும் இதைத் தூக்கமின்மை என்று ஒரு நோயாகவே பேசிப் பழகியிருந்தோம். அம்மா மாத்திரை கேட்டு வாங்கலாமா என்றுகூட யோசித்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டி இரவு எட்டரைக்குத் தூங்கப் போகிறார். நாலு வரை ஏழரை மணி நேரம். வீட்டில் எல்லாரையும்விட நன்றாகத் தூங்குகிறவர் அவர்தான். வயதானால் தூக்கத்தின் நேரம் முன்னால் நகர்வதும் இயல்புதான். பாட்டிக்குக் குறைந்தது தூக்கமில்லை, ஆள்.

அதன்பிறகு திட்டத்தின் நோக்கத்தை மாற்றினோம். நாலு மணிக்கு ஒரு ஆள் விழித்திருக்கும் வீட்டில் பூனையை அந்நேரம் தூங்கவைப்பது வீண் வேலை. பூனை விழிக்கட்டும், பாட்டியோடு இருக்கட்டும். சாப்பாட்டை மட்டும் மனிதக் கையிலிருந்து பிரித்துவிடவேண்டும். இருட்டில் நடக்கும் பாட்டியின் கால் பக்கம் அது வரக்கூடாது, என் கால்விரலுக்கும் வரக்கூடாது. அவ்வளவுதான் தேவை.

நூற்றுச் சொச்சம் வெள்ளிக்கு, நேரம் வைத்தால் தானாகத் தீனி போடும் பெட்டி ஒன்று வாங்கினேன். அதை அடுப்படியில் வைக்காமல், வரவேற்பறையில் பாட்டியின் சாய்வு நாற்காலிக்கு எதிரே வைத்தோம். பாட்டியின் அறையிலிருந்து அடுப்படி வரை, ஆள் அசைந்தால் எரியும் சிறு விளக்குகளை ஒட்டினேன். முதலில் பெட்டியின் நேரம் 3.50. அதாவது பாட்டி எழுவதற்கு முன்னால். பாட்டி அறையை விட்டு வரும்போது மங்கு ஏற்கெனவே பெட்டியடியில் இருக்கும், காலடிக்கு வராது. மூன்று நாளைக்கு ஒரு முறை பெட்டியின் நேரத்தைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளினேன். 3.50-லிருந்து 6.00 மணி வரை 130 நிமிடம், 13 படி, 39 நாள். தீபாவளிக்கு மூன்று நாள் மிச்சம்.

பெட்டியின் தந்திரம் எளிமையானது. மனிதனைக் கெஞ்சினால் மனிதன் அசைவான், பெட்டியைக் கெஞ்சினால் பெட்டி அசையாது. அது தன் நேரத்துக்குத்தான் கொட்டும். கெஞ்சுவதால் பயனில்லை என்பதைப் பூனை அதனிடம் கற்றுக்கொள்ளும், நம்மிடம் கற்றுக்கொள்ளாது.

தினமும் எழுப்பப்பட்ட நேரத்தைக் கைப்பேசியில் குறித்துவைத்தேன். முதல் வாரம் நிலைமை மோசமாகத்தான் ஆனது. நெத்திலி நின்றுபோன நாலாவது நாளிலிருந்து மங்கு என் வாசலில் ஊளையிட்டது, திரைச்சீலையில் ஏறியது, தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்தது. இதைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது அவசியம். பழைய வழி பலிக்காமல் போகும்போது, கைவிடுவதற்கு முன் விலங்கு அதே வழியை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். நாமும் லிஃப்ட் வராவிட்டால் பொத்தானைப் பத்து முறை அழுத்துகிறோம். பெரும்பாலான வீடுகளில் இந்தக் கட்டத்தில்தான் யாராவது பொறுக்க முடியாமல் எழுந்து சாப்பாடு போடுகிறார்கள். போட்டால் பூனை கற்றுக்கொள்ளும் பாடம், ஊளையிட்டால்தான் கிடைக்கும் என்பது. நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, காலைப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு, பிணம்போலக் கிடந்தேன். பாட்டி நெத்திலி டப்பாவை அம்மாவிடம் கொடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். அவர் கை பொறுக்காது என்பது அவருக்கே தெரியும்.

மூன்றாம் வாரம் ஏழு நாளில் நாலு நாள் எழுப்பியது. நாலாம் வாரம் இரண்டு நாள். ஆறாம் வாரம் ஒரு நாளும் இல்லை.

பெட்டியின் நேரம் ஐந்தரையைத் தாண்டிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாகவே விழித்துவிட்டு வெளியே வந்தேன். பாட்டி நாற்காலியில் கோப்பியோடு உட்கார்ந்திருந்தார். மங்கு பெட்டிக்கு முன்னால் வாலை மடக்கிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தது. பாட்டி என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, மெதுவாகச் சொன்னார்: “பெரட்டுக்கு நிக்குது. இன்னும் தண்டல் வரல.”

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு அது மனதில் ஒரு மூலையில் கிடந்து உறுத்தியது. மணிக்கு வந்து நின்றால் சோறு, இல்லாவிட்டால் இல்லை என்று ஒரு உயிரைப் பழக்குவதைத்தான் தோட்டம் பாட்டிக்குச் செய்தது. நான் அதையே பத்துப் பத்து நிமிடமாகப் பூனைக்குச் செய்திருக்கிறேனா? பாட்டியிடமே கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “நான் பெரட்டுக்கு நிக்கலன்னா ஒருத்தனும் என்னை மடியில தூக்கி வச்சிக்க மாட்டான். அதுக்கு அந்தக் கவலை இல்ல” என்றார். இது என் கேள்விக்கு முழுப் பதிலா என்று தெரியவில்லை. ஆனால் பெட்டி சோறு போடாத நேரத்திலும் மங்கு அவர் மடியில்தான் கிடக்கிறது. பாசாருக்குப் போகும் பேச்சு வீட்டில் நின்றுவிட்டது.

இதே நிலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது கொஞ்சம்தான். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியாக இருந்தால் பட்டினி போட்டுப் பழக்காதீர்கள், அதன் சின்ன வயிற்றுக்கு நாளைக்கு மூன்று நாலு வேளை வேண்டும். ஒரு வயதைத் தாண்டியதும் பெரும்பாலான பூனைகள் தாமாகவே அடங்கும், அதுவரை தாக்குப்பிடித்தால் பாதி வெற்றி. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த வயதான பூனை திடீரென்று இரவில் கத்தினால் அது பயிற்சிப் பிரச்சினையாக இருக்காது. தைராய்டோ வேறு நோயோ இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் வீட்டில் அந்நேரம் வேறு யார் விழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பூனையை எழுப்புகிறவர் ஒருவர் இருப்பார். வேலைநேரம் மாறி வரும் அண்ணனோ, தொழுகைக்கு எழும் பக்கத்து வீட்டுக்காரரோ, மரமில்லாமல் போன பிறகும் மரத்துக்கு எழுகிற பாட்டியோ. அவரைத் திருத்த முடியாது, பல நேரம் திருத்தத் தேவையும் இருக்காது. அவரையும் சேர்த்துத்தான் கணக்குப் போடவேண்டும்.

இப்போது பெட்டி ஆறு மணிக்குக் கொட்டுகிறது. ஞாயிறுகளில் ஐந்து மணிக்கே எழுந்து பாட்டியோடு உட்காரும் பழக்கம் எனக்கு வந்திருக்கிறது. ஒட்டுப்பால், காண்டா வாளி, வெளிக்காடு என்று அவர் சொல்லும் தோட்டத்துச் சொற்களைக் கைப்பேசியில் எழுதிவைக்கிறேன், பூனையின் நேரங்களைக் குறித்த அதே பக்கத்துக்குக் கீழே. போன வாரம், மழை பெய்தால் பெரட்டுக் களத்தில் எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள் என்று கேட்டேன். ஈர மரத்தில் வெட்டினால் பால் கோட்டில் இறங்காமல் பட்டை முழுக்க வழிந்துவிடும், அதனால் மரம் காயும்வரை காத்திருப்போம், காயாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். அன்று சம்பளம் கிடையாது. “ஆனா அன்னைக்கு ஒரு நாளுதான் திரும்ப வந்து படுப்போம்” என்று சொல்லிவிட்டு, வெளியே மழை வருகிறதா என்று பார்த்தார்.